பனையின் ஏடு

மரக்காணத்துக் கடற்கரையில் இயற்கை வைத்திருக்கும் சோதனை எத்துணைக் கடுமையானது என்பதை அப்பக்கம் சென்று வந்தவர்கள் அறிவார்கள். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பு. இடையே பாத்தி பாத்தியாக உப்பளங்கள். பல இடங்களில் கிணற்று நீரே கரிக்கும். ஐப்பசி கார்த்திகையில் புயல் பயம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிய இக்கரையோரத்தில்தான் நிலத்தில் ஏறி, விழுப்புரம் ஜில்லாவை வெள்ளக்காடாக்கிற்று. உப்பளங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய மண்ணில், நீர் இறைப்பாரும் எருவிடுவாரும் இன்றி, வரப்பிலும் மணல்மேட்டிலும் முளைத்துத் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது பனை.

அம்மரத்தின் பெருமையைப் பாட இன்று நாம் எழுதவில்லை. அதற்குத் தமிழில் பாட்டுக்குக் குறைவில்லை. சேரர் சூடிய மாலை பனம்பூ. நெய்தல் நிலத்துக் காதலன் ஏறிய குதிரை பனைமடல். நம் முன்னோர் எழுதிய ஏடு பனையோலை. பாராட்டு இவ்வளவும் செய்த நாம் அம்மரத்தின் விருத்திக்கு என்ன செய்தோம் என்பதே கேள்வி. பேரீச்சைக்கும், எண்ணெய்ப் பனைக்கும், தென்னைக்கும் அவற்றின் மரபணுத் தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்து நல்ல கன்றுகளைத் தெரிந்தெடுக்கும் வழியை உலகம் கண்டிருக்கிறது. அதே வேலை நமது பனைக்கும் முழுமையாக நடைபெற வேண்டும். நமது சர்க்கார் செலவில், நமது ஆராய்ச்சி நிலையங்களில், பொதுச் சொத்தாக நடைபெற வேண்டும். அதன் பயன் மரக்காணத்து நாற்றங்கால் வரை வந்து சேர வேண்டும். இதுவே நமது கட்சி.

பனையின் விவசாயத்தில் உள்ள பெரிய முட்டுக்கட்டை யாது? பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண்பனையை அலகுப்பனை என்றும், பெண்பனையைப் பருவப்பனை என்றும் நாட்டார் கூறுவர். நுங்கும், பழமும், பழக்கொட்டையிலிருந்து வரும் கிழங்கும் பருவப்பனையின் கொடை. பதநீர் இரண்டும் தரும். ஆயினும் பருவப்பனையே மிகுதியாகச் சுரக்கும் என்பது ஏறுவோர் அனுபவம். கொட்டையை நடும்போதோ, குருத்து விடும்போதோ, வடலியாய் நிற்கும்போதோ இது ஆண், இது பெண் என்று கண்ணால் பிரித்தறிய வழியில்லை. பாளை விட்ட பிறகே தெரியும். பாளை விடப் பன்னிரண்டு ஆண்டாகலாம், பதினைந்தாகலாம், அதற்கு மேலும் ஆகலாம். தகப்பன் நட்டதன் தன்மையை மகன் தலையெடுத்த பின்புதான் அறிகிறான். நல்ல மரத்தைப் பொறுக்கி அதன் வித்தை நட்டு, அதன் சந்ததியில் நல்லதை மீண்டும் பொறுக்குவதே பயிர் விருத்தியின் அடிப்படை. ஒரு தலைமுறை காணப் பதினைந்து வருஷம் என்றால், ஓர் ஆராய்ச்சியாளர் தம் உத்தியோக காலம் முழுவதிலும் இரண்டு தலைமுறை காண்பதே அரிது. நெல்லில் நூற்றுக்கணக்கான ரகங்கள் வெளிவந்திருக்க, பனையில் விரல்விட்டு எண்ணக்கூட ரகங்கள் இல்லாததற்குக் காரணம் இதுவே.

தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சட்டசபையில் தமது முதலாவது வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது, 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும், ஜில்லா கலெக்டரின் அநுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் அறிவித்தனர். செங்கற் சூளைக்கு இரையாகிக் கொண்டிருந்த மரத்துக்குக் காவல் கிடைத்தது கண்டு நாம் மகிழ்ந்தோம். இன்றும் ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் இளைஞர் கூட்டங்கள் கொட்டைகளை நட்டு வருகின்றன. அவர்கள் உற்சாகத்தை எவ்வளவு பாராட்டினும் தகும். ஆயினும் கணக்குப் பாருங்கள். 76 லட்சம் விதையும் முளைத்து மரமானால், இயற்கையின் வழக்கப்படி ஏறத்தாழப் பாதி ஆணாக இருக்கும். எந்தப் பாதி? பாளை விடும் வரை எவரும் சொல்ல இயலாது. எந்த மரத்து வித்து? நன்றாகச் சுரந்த மரத்ததா, காய்ந்து நின்றதனுடையதா? அதற்கும் பதில் இல்லை. நல்லெண்ணத்தோடு இருட்டில் விதைக்கிறோம்.

இந்த இருட்டுக்கு விளக்குத்தான் மரபணு வாசிப்பு. அஃது இன்னதென்று சுருக்கமாகக் கூறுவோம். ஒவ்வோர் உயிரின் அணுவறைக்குள்ளும் அவ்வுயிரின் இயல்பையெல்லாம் வகுக்கும் ஒரு நீண்ட எழுத்து இருக்கிறது. அதில் உள்ளவை நான்கே எழுத்துகள். அவை மாறி மாறிக் கோடிக் கணக்கில் தொடர்ந்து வரும். தென்னையில் சுமார் 240 கோடி. எண்ணெய்ப் பனையில் சுமார் 180 கோடி. இவ்வளவையும் ஒரே மூச்சில் வாசிக்கும் யந்திரம் இல்லை. ஆகவே ஓர் இலைத்துணுக்கிலிருந்து அப்பொருளை எடுத்து, துண்டு துண்டாக வாசித்து, ஒரு துண்டின் கடைசியும் மற்றொன்றின் தொடக்கமும் எங்கே ஒத்து வருகின்றன என்று கணிப்பொறியால் பார்த்து, வரிசையாக அடுக்குகிறார்கள்.

இது தமிழருக்குப் புதிய வேலை அன்று. உ. வே. சாமிநாதையரவர்கள் என்ன செய்தார்? கயிறறுந்த சுவடிகளை, எண்ணற்று இடம் மாறிய ஏடுகளைப் பல ஊர்களிலிருந்து திரட்டினார்; ஒன்றோடொன்று ஒப்பிட்டார்; பாடபேதங்களைக் குறித்தார்; 1887-இல் சீவகசிந்தாமணி அச்சேறிற்று. பனையிலும் அப்படியே செய்தல் வேண்டும். ஒரு மரத்தை வாசித்தால் அது மூலபாடம். நூறு ஆண் மரங்களையும் நூறு பெண் மரங்களையும் வாசித்து ஒப்பிட்டால் பாடபேதம் புலப்படும். எல்லா ஆண் மரங்களிலும் இருந்து, எந்தப் பெண் மரத்திலும் இல்லாத வரி எதுவோ, அதுவே நாம் தேடும் அடையாளம். அஃது அகப்பட்ட பின் ஒவ்வொரு கன்றையும் முழுவதும் வாசிக்கத் தேவையில்லை; குருத்தோலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி அந்த ஒரு வரி உண்டா என்று பார்த்தாற் போதும்.

இது வெறுங்கனவு என்று எவரும் நினைக்க வேண்டாம். பேரீச்சையும் பனையைப் போல ஆண் வேறு பெண் வேறாக உள்ள மரமே. 2011-ஆம் ஆண்டில் கத்தார் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அதன் மரபணுத் தொகுதியின் முதற்படியை வெளியிட்டு, ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் பகுதியைக் காட்டினார்கள். 2018-இல் பேரீச்சை இனங்கள் பலவற்றை ஒப்பிட்டு அதற்குக் காரணமான மரபணுக்களையே சுட்டினார்கள். பேரீச்சையில் கண்ட விடை பனைக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் கூறவில்லை. ஆனால் விடை தேடும் வழி இன்னதென்று தெரிந்துவிட்டது.

மலேயாவைப் பாருங்கள். அங்கே வியாபாரத்துக்காக எண்ணெய்ப் பனை பயிரிட்ட முதல் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் ஏற்பட்டது. அத்தோட்டத்தின் பெயரே தென்னமரம். பெயரைக் கண்டே அங்கே வியர்வை சிந்தியவர்கள் யார் என்பதை அறியலாம். வெள்ளையர் லாபத்துக்காகத் தொடங்கிய அப்பயிரைச் சுதந்திர மலேசியா தன் சொந்த ஆராய்ச்சிக்கு உட்படுத்திற்று. 2013-இல் அத்தேசத்து சர்க்காரின் பனையெண்ணெய் வாரியம் எண்ணெய்ப் பனையின் மரபணுத் தொகுதியை வாசித்து வெளியிட்டது. கொட்டையின் ஓடு தடித்ததா, மெலிந்ததா, ஓடே இல்லாததா என்பதை நிர்ணயிக்கும் ஒற்றை மரபணுவும் அகப்பட்டது. மெல்லோட்டு மரம் தடித்த ஓட்டு மரத்தினும் நூற்றுக்கு முப்பது பங்கு அதிகமாக எண்ணெய் தரும். முன்பு இந்தப் பேதத்தை அறியக் கன்று வளர்ந்து காய்க்கும் வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; பின்னர் நாற்றங்காலிலேயே அறியும் வழி பிறந்தது.

தென்னை விஷயத்தில் நமக்குப் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. 1916-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்து விவசாய இலாகா காசர்கோட்டில் தென்னை ஆராய்ச்சிப் பண்ணை ஏற்படுத்திற்று. அன்று அவ்வூர் நமது மாகாணத்தைச் சேர்ந்தது. 1930-களில் அதனை அடுத்த நீலேசுவரத்தில் ஜே. எஸ். பட்டேல் என்பார் நெட்டை மரத்தையும் குட்டை மரத்தையும் கலந்து, தென்னையில் கலப்பு வீரியத்தை உலகுக்குக் காட்டினார். இப்படி முன்னே நடந்தவர்கள் நாம். ஆனால் தென்னையின் மரபணுத் தொகுதியை 2017-இல் முதலில் வெளியிட்டவர்கள் சீனத்து ஹைனான் தீவின் ஆராய்ச்சியாளர்கள். காசர்கோட்டார் சாவக்காட்டுப் பச்சைக் குட்டையை வாசித்து வெளியிட்டது 2020-இல். மறு ஆண்டிலேயே சீனர்கள் நெட்டையையும் குட்டையையும் ஒப்பிட்டு, உயரத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவைச் சுட்டிவிட்டார்கள். ஏறுவதற்கு ஆளின்றி மொட்டையாய் நிற்கும் பனைகளைக் காண்பவர்கள் இந்தச் செய்தியின் கனத்தை உணர்வார்கள். நூறடி பனையில் தளைநார் மாட்டித் தினம் இருவேளை ஏறி இறங்குபவன் உயிரைப் பணயம் வைக்கிறான். அவன் மகன் அத்தொழிலுக்கு வர மறுத்தால் அவனைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. விரைவில் பாளை விடும், தாழ்ந்து வளரும் பனை அகப்படுமாயின் அத்தொழிலின் தலைவிதியே மாறும்.

பனைக்கு நம்மவர் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறினால் அநியாயமாகும். வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கிய கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பற்பல இடத்துப் பனைகளைத் திரட்டி வளர்த்து வருகிறார்கள். காசர்கோட்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-ஆம் ஆண்டிலேயே ஆண்பனையில் மட்டும் தென்படும் ஒரு மரபணு அடையாளத்தைக் கண்டு வெளியிட்டனர். ஆனால் அன்று கையாண்ட முறை ஓரிடத்தில் காட்டிய முடிவை மற்றோரிடத்தில் உறுதியாகக் காட்டும் என்று நம்புதற்குரியதன்று. அதனை முழு வாசிப்பால் உறுதி செய்து, நாட்டின் எல்லாப் பனைகளுக்கும் பொருந்துமா என்று சோதித்து, நாற்றங்காலுக்குக் கொண்டு வரும் வேலை பாக்கி நிற்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் விவசாயியின் வரப்புக்கும் நடுவே உள்ள தூரமே நம் தேசத்தின் பழைய வியாதி.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். "தானே முளைக்கும் மரத்துக்கு இவ்வளவு செலவா?" என்பர் சிலர். மனிதனின் மரபணுத் தொகுதியை முதன்முதல் வாசிக்க 1990 முதல் 2003 வரை பதின்மூன்று ஆண்டுகளும், கோடிக்கணக்கான டாலர்களும் செலவாயின. இன்று ஒரு மனிதனுடையதை ஆயிரம் டாலருக்குள் வாசிக்கிறார்கள். ஒரு சாலைப் பாலத்தின் செலவில் பனையின் ஏட்டைப் பலமுறை வாசித்துவிடலாம்.

"மரபணுவைத் தொட்டால் பனை பனையாக இருக்குமா?" என்று அஞ்சுவார் உளர். படிப்பது வேறு, திருத்துவது வேறு. ஏட்டைப் படித்தவன் அதில் ஓரெழுத்தையும் மாற்றுவதில்லை. இருக்கும் மரங்களுள் நல்லது எது என்று அறியவே இந்த வாசிப்பு. பாட்டன்மார் கண்ணால் பொறுக்கியதைப் பேரன் இன்னும் கூர்மையான கண்ணால் பொறுக்குகிறான், வேறில்லை.

"பெண்பனையையே நட்டால் மகரந்தத்துக்கு என் செய்வது?" என்பது நியாயமான கேள்வி. ஆணே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எத்தனை பெண்ணுக்கு எத்தனை ஆண் என்று அறிந்து நட வேண்டும் என்கிறோம். ஒரே வகைப் பனையால் கரையை நிரப்பினால் ஒரு நோய்க்கு எல்லாம் மடியும் என்பதையும் அறிவோம். ஆதலால்தான் பல இடத்துப் பனைகளை வாசிக்கவும் காக்கவும் வேண்டுகிறோம். கள் வேண்டும் வேண்டாம் என்பது வேறு வழக்கு. அதனை இங்கே இழுத்து இதனைக் குழப்பலாகாது. பதநீரும், வெல்லமும், கற்கண்டும், நுங்கும், கிழங்கும், நாரும், ஓலையுமே இதற்குப் போதிய சாட்சியம்.

எல்லாவற்றினும் பெரிய விஷயம் உரிமை. மரக்காணத்து உப்பளத்தின் கரையில் நின்று இதனைச் சிந்திப்பது பொருத்தம். கடல் தரும் உப்புக்கு அந்நிய சர்க்கார் முத்திரையிட்டு வரி வாங்கினர். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தண்டியில் காந்தியடிகளும், வேதாரணியத்தில் ராஜாஜியும் அம்முத்திரையை மீறினார்கள். இயற்கை பொதுவாக வைத்ததை ஒருவர் பூட்டி வைத்து விற்கலாகாது என்பதே அப்போரின் தத்துவம். அதே தத்துவம் பனையின் ஏட்டுக்கும் பொருந்தும். நாம் வாசிக்காவிட்டால் பிறர் வாசிப்பர். வாசிப்பதில் குற்றமில்லை, வாசித்து அறிந்த சோதனை முறைக்கும் அதன்வழிப் பிறந்த கன்றுக்கும் தனியுரிமைப் பத்திரம் பெற்று, நம் கரையில் விளைந்ததையே நமக்கு விலை கூறுவார்களாயின் என் செய்வோம்?

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் தனியுரிமை வழங்கப்பட்டது. நமது விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடி, பழைய நூல்களைச் சாட்சியாக வைத்து, 1997-இல் அதனை ரத்துச் செய்வித்தது. அவ்வழக்கு புகட்டும் நீதி தெளிவானது: முன்னமே வெளியிட்டுப் பதிந்து வைத்ததற்கு எவரும் புதிதாக உரிமை கொண்டாட முடியாது. ஆதலின் பனையின் ஏட்டை நாமே முந்தி வாசித்து உலகறிய வெளியிடுவதே நல்ல வேலி. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஏற்பட்ட தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. இத்தகைய எழுத்துகளைப் பயன்படுத்தி லாபம் அடைவோர் பங்கு செலுத்த ஒரு நிதி வேண்டும் என்று 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் தொடங்கிய சர்வதேச மாநாட்டிலும் முடிவாயிற்று. சட்டம் உண்டு, வழக்குக்குரிய பொருளை வாசித்து நம் பெயரால் பதிந்து வைப்பதே நம் கடமை.

மற்றொன்றும் கூற வேண்டும். எழுத்தை யந்திரம் வாசிக்கும். எழுத்தின் பொருளை யந்திரம் சொல்லாது. எந்த மரம் எத்தனை கலயம் சுரக்கிறது, எது தை மாதமே பாளை விடுகிறது, எந்த மரத்துப் பதநீர் வெல்லமாய் நன்கு இறுகுகிறது, எது உப்புக் காற்றில் வாடாது நிற்கிறது என்பன பனையேறிக்குத் தெரியும். அவனுக்கு மட்டுமே தெரியும். அவன் அறிவை மரம் மரமாகப் பதிந்தால்தான் இன்ன எழுத்துக்கு இன்ன குணம் என்று விஞ்ஞானி கூற முடியும். ஆதலால் பனையேறி இவ்வாராய்ச்சியில் கூலியாள் அல்லன், உடன் ஆராய்பவன். அவனுக்கு அதற்குரிய ஊதியமும், பெயரும், பின்வரும் பயனில் பங்கும் உண்டு.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது நான்கு. முதலாவது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக் கழகமும் காசர்கோட்டு நிலையமும் சேர்ந்து, மரக்காணம் முதல் இராமநாதபுரம், தூத்துக்குடி வரை உள்ள பனைகளைப் பரவலாக வாசித்து வெளியிட வேண்டும். 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை நடத்தி வரும் யாழ்ப்பாணத்தாரையும் கூட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஆண் பெண் அறியும் சோதனையை மலிவாக்கி ஜில்லாதோறும் நாற்றங்காலில் வைக்க வேண்டும். பனையைப் பிடுங்கி நடுவது கடினம்; ஆதலால் ஒரு குழிக்கு இரண்டு மூன்று கொட்டை ஊன்றி, குருத்தோலை வந்ததும் சோதித்து, வேண்டியதை நிறுத்திக் கொள்ளும் முறையைக் குடியானவருக்குக் கற்பிக்கலாம். மூன்றாவது, இனி வழங்கும் விதை எந்தத் தாய்மரத்தினது என்ற பதிவோடு வழங்கப்பட வேண்டும். நான்காவது, பனையேறிகளைக் கொண்டு தாய்மரப் பதிவேடு எழுத வேண்டும். மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளரை நாற்றங்கால் வேலையில் அமர்த்த வேண்டும்.

மரபணு வாசிப்பு எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் கூறவில்லை. வெல்லத்துக்கு நியாயமான விலையும், ஏறுவோனுக்குக் காப்பும், கலப்பட வெல்லத்துக்குத் தண்டனையும் இல்லாவிடில், எந்தக் கன்றும் எவரையும் வாழ்விக்காது. ஆனால் இவை இன்று தொடங்கி நாளை முடிக்கக் கூடியவை. பனையோ காலத்தைத் திருப்பித் தராது. இவ்வாண்டு ஊன்றும் கொட்டையில் செய்யும் பிழை பதினைந்து ஆண்டு கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். அன்று திருத்த நினைத்தால் இன்னும் பதினைந்து ஆண்டு வேண்டும்.

கொட்டை நடும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. கைகள் நடட்டும், அதே வேளையில் வாய் கேட்கட்டும். உங்கள் ஊர்ச் சட்டசபை அங்கத்தினரிடம், "இந்த விதை எந்த மரத்தினது? கன்று ஆணா பெண்ணா என்று அறிவிக்க என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள். பனையோலையில் பிறர் புகழையெல்லாம் எழுதிப் படித்தோம். அவ்வோலைக்குள் இயற்கையே எழுதி வைத்திருக்கும் ஏட்டைப் படிக்க இனியும் தாமதிக்கலாகாது.